மார்நேரம்

நெஞ்சுக்குள் குழாய் விட்டு வைத்தியம் பார்க்கும் கேத் லேபில் முப்பத்தொரு வருஷம் டெக்னீஷியனாக இருந்தவன் நான். அங்கே பொய்யை வைத்துக்கொண்டு ஒருநாள்கூடக் காலம் தள்ள முடியாது. ரத்த அழுத்தம் எண்பது என்றால் எண்பதுதான். டாக்டர் முகம் வாடுமே என்று தொண்ணூறாக்கிச் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரே ஒரு பொய் எழுதினேன். ஒரு படிவத்தில், ஒரு சின்னக் கட்டத்தில், ஒரு டிக். இருபத்தாறு வருஷம் அது சத்தம் காட்டாமல் கிடந்தது. போன மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை டாக்டர் ஷெரின் போன் செய்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டது.

“நயினார் சார், 2033-ல நெஞ்சு ஓட்டைக்குக் குடை வச்ச ஒரு பிள்ளை. மகிழினி. அம்பாசமுத்திரம் பக்கம். ஞாபகம் இருக்கா?”

என் முழுப்பெயர் ஆறுமுகநயினார் என்பதை நான் மறந்தாலும் மறப்பேன், அந்தப் பிள்ளையை மறக்க மாட்டேன்.

“இருக்கு டாக்டர். ரெண்டரை வயசு, பத்தரை கிலோ. கொலுசக் கழட்ட விடாம அழுத பிள்ளை.”

“அவங்க இப்ப இங்கதான் இருக்காங்க. அஞ்சு மாசம் கர்ப்பம். குடை தடுமாறுது. அவங்க அம்மா துடிப்புக்குப் பூட்டு திறக்க மாட்டேங்குது. மூணு தடவை பாத்துட்டோம். ரெக்கார்டுல கையெழுத்து உங்களுது. ஒரு எட்டு வந்துட்டுப் போறீங்களா?”

போனை வைத்த அவசரத்தில் சட்டையின் உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறியிருக்கிறேன். டிரைவர் இல்லாத பஸ். அதைச் சொல்லிச் சிரிக்கவும் ஆள் கிடையாது.

ஆளாளுக்கு ஓர் ‘அந்தக் காலம்’ உண்டு. எனக்கு 2033. பாளையங்கோட்டையில் எங்கள் குழந்தைகள் இருதய மருத்துவமனை, இரண்டாம் மாடி, கோடியில் கேத் லேப். எட்டுக் கிலோ ஈயக் கவசத்தைக் காலையில் மாட்டினால் மத்தியானம் கழற்றும்போது உடம்பு தானாக மேலே எழும்பும். பிள்ளையின் தொடை ரத்தக்குழாய் வழியாகக் கத்தீட்டர் என்ற மெல்லிய குழாயை ஏற்றும்போது டாக்டர் கனகசபாபதி மூச்சைப் பிடித்துக்கொள்வார். நாங்களும் பிடித்துக்கொள்வோம். திரையில் குடை விரிந்து ஓட்டையின் மேல் உட்கார்ந்ததும் “ம்” என்பார். அவ்வளவுதான் பாராட்டு, அவ்வளவுதான் கொண்டாட்டம். அந்த ‘ம்’முக்குப் பிறகு குடித்த தேநீரின் ருசி இன்றுவரை வேறெந்தத் தேநீரிலும் எனக்குக் கிடைக்கவில்லை. டாக்டர் கனகசபாபதியும் காலமாகிவிட்டார்.

குடை வைப்பதற்கு முந்தின நாள் தாய்மாரிடம் பேசுவது என் வேலை. மகிழினியின் அம்மா இசக்கிராணிக்கு அப்போது இருபத்தேழு, இருபத்தெட்டு வயசிருக்கும். புருஷன் வளைகுடாவில். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றபடியேதான் கேட்டாள்.

“நெஞ்சக் கிழிக்க மாட்டியள்லா அண்ணாச்சி?”

“கிழிக்க மாட்டோம்மா. தொடையில ஒரு குத்து. அதுவழியா மெல்லிசா ஒரு குழாய். குழாய்க்குள்ள மடக்கி வச்ச குடை. ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஒண்ணு விரியும், இந்தப் பக்கம் ஒண்ணு விரியும். ஓட்டை அடைபட்டுப் போகும்.”

“பொறவு என் துடிப்பு வேணும்னு எதுக்குக் கேக்காவ?”

“ஓட்டை இருக்க சுவத்துலதான் துடிப்புக்கு உண்டான கரண்டு லைன் ஓடுது. குடை அதுல அழுத்துனா சில பிள்ளைகளுக்குத் துடிப்பு விட்டுப்போகும். அதுக்காகத்தான் இந்தப் புதுக்குடைக்குத் துடிக்கத் தெரியும். நெஞ்சு மறந்தா இது எடுத்துக் குடுக்கும். ஆனா எப்படித் துடிக்கணும்னு அதுக்கு யாராவது ஒருக்க சொல்லித் தரணும்லா? பிள்ளை பத்து மாசம் கேட்டது ஒங்க துடிப்பு. வெறும் மாருல நாலு மணி நேரம் போட்டுக்கிட்டா குடை அத அப்படியே வாங்கிக்கிடும். பொறவு பூட்டிக்கிடும். வெளிய இருந்து எவனும் கை வைக்கக் கூடாதுல்லா, அதனால வேற யார் துடிப்புக்கும் திறக்காது.”

அந்த நாலு மணி நேரத்துக்குக் கம்பெனிக்காரர்கள் ஏதோ பெயர் வைத்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் வாயில் அது நுழையவில்லை. நாங்கள் மார்நேரம் என்றோம்.

இசக்கிராணி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். வராந்தா பெஞ்சில் அவள் மாமியார் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். “கிரகணத்தன்னைக்கு வெளிய எறங்காதட்டின்னு தலபாடா அடிச்சேன். கேட்டாளா? பிள்ளை நெஞ்சுல ஓட்டையப் போட்டுட்டு வந்து நிக்கா.” இசக்கிராணி பிள்ளையின் கொலுசைத் திருகிக்கொண்டு நின்றாள். எனக்குத்தான் உள்ளே கொதித்தது. எனக்கும் கோமதிக்கும் கல்யாணமாகி அப்போது ஒன்பது வருஷம். “எக்ஸ்ரே ரூமுல வேலை பாக்கவனுக்கு எப்படிப் பிள்ளை தங்கும்?” என்று என் சொந்த அத்தையே கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டவள். சட்டையில் குத்தியிருக்கும் கதிர்வீச்சு பேட்ஜ் மாசாமாசம் சரியாக இருக்கிறது என்று யாரிடம் போய்க் காட்டுவது? காரணம் தெரியாத இடத்தில் ஆளைக் காட்டிவிடுவது ஊருக்கு எப்போதும் சுலபம்.

மறுநாள் குடை சிக்கலில்லாமல் உட்கார்ந்தது. டாக்டர் “ம்” என்றார். பிள்ளையை மார்நேர அறைக்குக் கொண்டுவந்தேன். குடையை விடுவித்த பத்து நிமிஷத்துக்குள் துடிப்பு கிடைக்க வேண்டும்; தவறினால் மறுபடியும் கத்தீட்டர். இசக்கிராணி சாய்வுக் கட்டிலில் தயாராக இருந்தாள். துடிப்புப் பார்க்கும் பட்டையை அவள் நெஞ்சில் ஒட்டிப் பார்த்தேன். நூற்று நாற்பது. அதுவும் நூலாக, விட்டுவிட்டு.

“என்ன சாப்பிட்டீய?”

“பிள்ளை கண்ணு முழிக்கது வரைக்கும் பச்சத்தண்ணி மட்டும்னு நேந்திருக்கேன் அண்ணாச்சி. இன்னைக்கு மூணாம் நாள்” என்றாள். சொல்லி முடிக்கவும் பக்கவாட்டில் சரிந்துவிட்டாள்.

நர்ஸ் அவளை அடுத்த அறைக்குத் தள்ளிக்கொண்டு ஓடினாள். டாக்டர் அதற்குள் அடுத்த பிள்ளைக்குக் கத்தீட்டர் ஏற்றத் தொடங்கியிருந்தார். மாமியாரின் துடிப்பை முந்தின நாளே பார்த்திருந்தோம், தாளம் சரியில்லை. அறையில் நானும் பிள்ளையும்தான். கடிகாரத்தில் ஆறு நிமிஷம் மிச்சம்.

கவசத்தைக் கழற்றினேன். சட்டையை, பனியனைக் கழற்றினேன். பிள்ளையைத் தூக்கி மார்பில் போட்டுக்கொண்டு, தொடையில் குத்திய இடத்தை ஒரு கையால் அழுத்தி, கால் மடங்காமல் பிடித்துக்கொண்டேன். மூன்றே முக்கால் மணி நேரம். ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகளைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவன், ஒரு பிள்ளையை வெறும் உடம்போடு வைத்துக்கொண்டது அன்றுதான். அதைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. போன ஆனியில் கோமதி போய்ச் சேரும்வரை அவளிடமும் சொல்லவில்லை. சொன்னால் ‘எப்படி இருந்தது?’ என்று கேட்பாள். அதற்கு என்னிடம் பதில் இருந்தது, அதனால்தான் சொல்லவில்லை.

கடைசிக் கால்மணி நேரத்தில் இசக்கிராணியைக் கட்டிலோடு கொண்டுவந்தார்கள். குளுக்கோஸ் ஏறியும் அரைமயக்கம்தான். பிள்ளையை அவள் மார்புக்கு மாற்றினேன். அவள் கண் திறந்ததும் பிள்ளையைத் தடவினாள். “முழு நேரமும் என் மேலயா கெடந்தா அண்ணாச்சி?” கதவிடுக்கில் மாமியாரின் தலை. “கெடந்திருப்பா, கெடந்திருப்பா. மயங்கி விழுந்தவளுக்கு அதுக்குக்கூடத் துப்பு இருந்துதாமா?” என்றது அந்தத் தலை.

“நாலு மணி நேரமும் ஒங்க மேலதாம்மா” என்றேன் நான். சொன்ன பிறகு வேறு எப்படி எழுதுவது? ‘தாய்’, ‘மற்றவர்’ என்று இரண்டு கட்டங்கள். முதல் கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். குடை ஆயுசுக்கும் உழைக்கும், பூட்டைத் திறக்கும் தேவையே வராது என்று கம்பெனி சொல்லியிருந்தது. நானும் நம்பினேன்.

அதற்குப் பிறகு இசக்கிராணி ஆளே மாறிவிட்டாள். மாமியார் வாய் அடைபட்டது. செக்கப்புக்கு வரும்போதெல்லாம் “என் துடிப்புல்லா இவ நெஞ்சுல ஓடுது” என்பாள். செக்கப் தேவைப்படாத மாதங்களிலும் முதல் திங்கட்கிழமை தவறாமல் வருவாள். காத்திருக்கும் ஹாலில் புதுத் தாய்மார் நடுவில் உட்கார்ந்து, “ஓட்டை நாம போட்டது இல்லட்டி. துடிப்புதான் நாம குடுக்கது. அழாத” என்று சொல்வாள். இருபது வருஷத்துக்கு மேல் இப்படி வந்தாள். டாக்டர்கள் சொல்லித் தேறாத பெண்கள் அவள் சொல்லித் தேறினார்கள். நான் பைலை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அந்த ஹாலைக் கடப்பேன்.

இப்போது அதே மருத்துவமனை, புதுக் கட்டடம். டாக்டர் ஷெரின் என்னை வாசலிலேயே மடக்கினாள்.

“பூட்டு திறந்தா குடையைச் சரி பண்ணிடலாம், நிமிஷ வேலை. திறக்கலேன்னா நெஞ்சைத் திறந்துதான் எடுக்கணும். சதை மூடி வளர்ந்திருக்கு. இந்த நிலைமையில அவங்களுக்கும் ஆபத்து, வயித்துல இருக்கிற பிள்ளை அநேகமா தாங்காது. நேத்து ரெண்டு தடவை நாலு செகண்டு துடிப்பு நின்னுடுச்சு சார். ஒரு வாரத்துக்கு மேல தள்ள முடியாது.”

உள்ளே மகிழினி வயிற்றின் மேல் கையைக் கோத்துக்கொண்டு படுத்திருந்தாள். பக்கத்துக் கட்டிலில் இசக்கிராணி, நெஞ்சில் பட்டைகளோடு. தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தே விட்டாள்.

“அண்ணாச்சி! நல்லவேளை வந்திய. இந்த டாக்டர் பிள்ளைட்டச் சொல்லுங்க. என் துடிப்பு மாறிப்போச்சுங்காவ. நான் என்ன தப்பு செஞ்சேன்னு தெரியலயே. காலையிலருந்து ஒண்ணும் திங்கல. பூட்டு திறக்கது வரைக்கும் பச்சத்தண்ணிதான்னு நேந்திருக்கேன்.”

இந்தத் தடவை அவளைப் பட்டினி போட்டது நான்தான் என்று அப்போது உறைத்தது. நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டேன். அவள் மயங்கியது, ஆறு நிமிஷம், என் சட்டை, டிக், எல்லாம். மொத்தமே நாலு வரிதான் வந்தது.

இசக்கிராணி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப நான் இத்தன வருசமா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சது?”

“பொய்ம்மா. நான் சொன்ன பொய்.”

“அந்த ஹால்ல எத்தன பிள்ளையள்ட்டச் சொல்லியிருப்பேன்...” என்றாள். பிறகு என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டு மகளைப் பார்த்துச் சொன்னாள். “கேண்டீன்ல ரெண்டு இட்டிலி வாங்கியாரச் சொல்லுட்டி. இனி நான் எதுக்குப் பட்டினி கெடக்க?” சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வைதிருக்கலாம். நாலு சாத்து சாத்தியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

பட்டைகளை எனக்கு ஒட்டினார்கள். இயந்திரம் யோசித்தது, மறுத்தது.

“உங்க துடிப்புதான் சார், ஆனா பாதிதான் ஒத்துப்போகுது” என்றாள் ஷெரின். “மனுஷனுக்கு மனுஷன் நடை மாறுற மாதிரிதான் துடிப்பும். ரெண்டு வருஷம் முன்னாடி உங்களுக்கு வந்த அட்டாக், அப்புறம் நெஞ்சை அடக்கி வைக்கிற அந்த மாத்திரை. பழைய நடை வெளியே வரல.”

“மாத்திரைய நிறுத்துங்க.”

“நிறுத்தினா மறுபடி அட்டாக் வரலாம். தெரிஞ்சே செய்ய முடியாது சார்.”

“யாரையும் கேக்காம ஒரு கையெழுத்துப் போட்டேன் டாக்டர். இப்பக் கேட்டே போடுதேன். பேப்பரக் குடுங்க.”

மாத்திரையை நிறுத்திவிட்டு நாலு நாள் எதிர் அறையில் படுத்திருந்தேன். இரண்டாம் நாள் நெஞ்சை யாரோ முழங்காலால் அழுத்துவதுபோல் இருந்தது. ஊசியோடு வந்த நர்ஸைக் கையைக் காட்டி நிறுத்தினேன். பயம் இல்லை என்று சொன்னால் அது இரண்டாவது பொய்யாகிவிடும். மகிழினியின் அறைக் கதவு திறந்தே இருந்தது. இசக்கிராணி ஒருதரம்கூட இந்தப் பக்கம் திரும்பவில்லை.

மகிழினிதான் மூன்றாம் நாள் சாயங்காலம் மெதுவாக நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராம். என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று கொஞ்ச நேரம் தடுமாறினாள்.

“மாமா, ஒண்ணு கேக்கணும். மாடிப்படி ஏறுனா எனக்கு நெஞ்சு மொதல்ல சும்மா இருக்கும். பாதிப் படி போன பொறவுதான் திடீர்னு ஞாபகம் வந்தாப்புல வேகம் பிடிக்கும். ஒங்களுக்கும் அப்படியா?”

“சின்ன வயசுல அப்படித்தாம்மா. குறுக்குத்துறையில அக்கரைக்கு நீச்சல் போட்டி வைப்போம். பாதி ஆறு வரைக்கும் கடைசியாக் கெடப்பேன். பொறவுதான் நெஞ்சு சூடு பிடிக்கும்.”

“ஜெயிப்பியளா?”

“ஒருக்கக்கூட இல்ல.”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்த ஆற்றையும் அந்த வயசையும் எப்போதோ விட்டுவிட்டு வந்தேன் என்றிருந்தேன். இந்தப் பெண் அதை வைத்துக்கொண்டு தினமும் பள்ளிக்கூட மாடி ஏறியிருக்கிறாள். எனக்குத் தாங்க முடியாத சந்தோஷமாக இருந்தது. அதை வெளியில் காட்டிக்கொள்ள உரிமை இருக்கிறதா என்றுதான் தெரியவில்லை.

நாலாம் நாள் மத்தியானம் எங்கள் இருவர் கட்டிலையும் பக்கத்தில் போட்டார்கள். இப்போது மார்போடு மார்பு வேண்டியதில்லை. சட்டைப் பித்தான்களைக் கழற்றிப் பட்டை ஒட்டினால் போதும். இசக்கிராணி மகளின் தலைமாட்டில் நின்றாள். ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு ஆயிற்று. திரையில் பச்சை விழுந்தது.

“திறந்துடுச்சு” என்று ஷெரின் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். “சார், முதல்ல உங்க மாத்திரையைப் போடுங்க.”

நர்ஸ் கொடுத்த மாத்திரையை விழுங்கினேன். ஷெரின் குடைக்குள் பதிவாகியிருந்த பழைய துடிப்பை ஸ்பீக்கரில் போட்டாள். முப்பத்தைந்து வயசு நயினாரின் நெஞ்சு அறை முழுக்கக் கேட்டது. அவசரமே இல்லாத, ஆரோக்கியமான அடி. வீட்டில் கோமதி காத்திருக்கிறவனின் அடி. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஓரிடத்தில் அது இழுத்து நின்றது, இரண்டு துடிப்பு ஒன்றின் மேல் ஒன்று விழுந்தது, பிறகு பழையபடி போயிற்று. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே.

“இந்த இழுப்பைப் பாருங்க. வேற எந்தப் பிள்ளை குடையிலயும் இது இல்ல. இதனால கெடுதல் ஒண்ணும் கிடையாது, ஆனா ஏன்னு யாருக்கும் தெரியல” என்றாள் ஷெரின். “பரவாயில்ல, இப்ப இதை அழிச்சுட்டுப் புதுசா எழுதிடலாம். அம்மா, இந்தத் தடவை உங்க துடிப்புதான். உங்களுது இழுப்பு இல்லாம சுத்தமா இருக்கு. படுத்துக்கோங்க.”

இசக்கிராணி படுக்கவில்லை. ஸ்பீக்கர் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த இழுப்பு மூன்றாவது தடவை வந்தபோது நிமிர்ந்தாள். நாலு நாளைக்குப் பிறகு முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

“அண்ணாச்சி, அன்னைக்கு இவள மாருல போட்டுருந்தப்ப அழுதீயளோ?”

ஆமென்று தலையை ஆட்டினேன்.

“இது அழுகைத் தேம்பல்லா. இவ தூங்குறப்பல்லாம் நெஞ்சுல காத வச்சுக் கேட்டிருக்கேன். மயக்கத்துல நான்தான் அழுதிருக்கேன்னு நெனச்சேன் இத்தன வருசமும்.” ஷெரின் பக்கம் திரும்பினாள். “இத அழிக்காதிய. குடை பிசகுனத மட்டும் சரிபண்ணி, இதையே திரும்ப எழுதுங்க.”

“அம்மா, உங்க துடிப்பு...”

“என் துடிப்பு என்கிட்ட இருக்கட்டும் டாக்டரம்மா. வயித்துல கெடக்குற பிள்ளை அஞ்சு மாசமா கேக்குறது இதத்தான். பத்து மாசமும் அதுக்கு ஒரே துடிப்பு கேக்கட்டும்.”

ஷெரின் மகிழினியைப் பார்த்தாள். மகிழினி “எழுதுங்க டாக்டர்” என்றாள். அவ்வளவுதான், நிமிஷ வேலை.

எழுந்து சட்டைப் பித்தானைப் போட்டுக்கொள்ளப் பார்த்தேன். முதல் பித்தானை இரண்டாவது துளையில் மாட்டினேன். இசக்கிராணி வந்து என் கையை விலக்கிவிட்டு, மேலிருந்து கீழாக நாலு பித்தானையும் போட்டுவிட்டாள்.